புது கார் வாங்கியாச்சு... முதல் சர்வீஸை எப்போ விடணும்? தள்ளிப்போட்டா என்ன நஷ்டம்?

டவுன் பேமென்ட் கட்டி, லோன் போட்டு, நம்பர் பிளேட் மாட்டி, எலுமிச்சம்பழத்து மேல டயரை ஏத்தி, கார் வீட்டு வாசலுக்கு வந்தாச்சு. அடுத்த செலவு எப்போன்னு கேட்டா நிறைய பேர் "அடுத்த வருஷம் இன்சூரன்ஸ்"னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு தேதி இருக்கு. அதுதான் முதல் சர்வீஸ். இதுல உங்க கையில இருந்து போற பணம் ரொம்பக் கம்மி, பல சமயம் ஒண்ணுமே இருக்காது. ஆனா அதைத் தவற விட்டா நஷ்டம் சின்னதா இருக்காது.

முதல்ல எப்போன்னு பார்த்துடலாம். மாருதி கார்னா 1,000 கிலோமீட்டர் அல்லது 1 மாதம். ரெண்டாவது 5,000 அல்லது 6 மாதம், மூணாவது 10,000 அல்லது 1 வருஷம். இந்த மூணுக்கும் லேபர் சார்ஜ் கிடையாது. மத்த கம்பெனிகள்ல இந்தக் கணக்கு மாறும், உங்க காரோட கையேட்டுல பக்கம் பக்கமா போட்டிருப்பாங்க. எலக்ட்ரிக் காருக்கு இன்ஜின் ஆயில் இல்லைதான், ஆனா சர்வீஸ் அட்டவணை அதுக்கும் உண்டு.

இதுல எல்லாரும் சறுக்குற இடம் அந்த "அல்லது"ங்கிற வார்த்தைதான். கிலோமீட்டர், மாதம் ரெண்டுல எது முன்னாடி வருதோ அதுதான் கணக்கு. தினமும் மெட்ரோவுல ஆபீஸ் போறீங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் காரை எடுக்கறீங்கன்னு வைங்க. மாசத்துக்கு 300 கிலோமீட்டர் கூட ஓடாது. "இன்னும் 1,000 வரலையே"ன்னு மூணு மாசம் உட்கார்ந்திருந்தா, கம்பெனி கணக்குல நீங்க முதல் சர்வீஸைத் தவற விட்டவர்.

சரி, 1,000 கிலோமீட்டர்ல அப்படி என்ன கெட்டுப் போயிடும்? கெட்டுப் போறதுக்காக இல்லை. புது இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒண்ணோட ஒண்ணு உரசி, பழகி, சரியா உட்கார ஆரம்பிக்கிற காலம் அது. அதனாலதான் ஆரம்பத்துல ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியா மிதிக்காதீங்க, நெடுஞ்சாலையில ஒரே வேகத்துல மணிக்கணக்கா ஓட்டாதீங்கன்னு சொல்றாங்க. பிரேக் பேடும் அப்படித்தான், முதல் சில நூறு கிலோமீட்டர்லதான் டிஸ்க்கோட பழகும். இந்தக் காலம் முடியும்போது ஆயில், கூலன்ட் அளவு இறங்கியிருக்கா, எங்கயாவது கசிவு இருக்கா, நட்டு போல்ட்டு தளர்ந்திருக்கா, டயர்ல காத்து சரியா இருக்கான்னு பார்க்கறதுதான் முதல் சர்வீஸ்.

"ஆயிலே மாத்தலை, ஏமாத்திட்டாங்க"ன்னு சிலர் கோபப்படுவாங்க. இன்னைக்கு வர்ற பல பெட்ரோல் கார்கள்ல அட்டவணைப்படியே முதல் சர்வீஸ்ல ஆயில் மாத்த வேண்டியதில்லை, 10,000 கிலோமீட்டர்லதான் மாத்துவாங்க. சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி கையேட்டைப் பாருங்க.

இப்போ பணத்துக்கு வருவோம். மாருதி 2024 ஜூலையில இருந்து 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரன்ட்டி தர்றாங்க. கார் விலையிலயே நீங்க அதுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கீங்க. ஆனா எந்த வாரன்ட்டியா இருந்தாலும் "அட்டவணைப்படி சர்வீஸ் பண்ணியிருக்கணும்"னு ஒரு நிபந்தனை இருக்கும். ரெண்டாவது வருஷம் இன்ஜின்ல பிரச்சினை வந்து நிக்கும்போது, "சரியா பராமரிக்கலை"ன்னு கிளெய்மை மறுக்க ஒரு காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிடும். இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்த்தா பில் லட்சத்தைத் தொடலாம். "இன்சூரன்ஸ் இருக்கே, பம்பர் டு பம்பர் எடுத்திருக்கேனே"ன்னு கேட்காதீங்க. இன்சூரன்ஸ் விபத்து, திருட்டு, வெள்ளம் மாதிரி விஷயத்துக்கு. தயாரிப்புக் குறைக்கும் தேய்மானத்துக்கும் அது வராது.

என்னைக் கேட்டா, முதல் சர்வீஸ்ல உங்களுக்குக் கிடைக்கிற பெரிய சொத்து ஜாப் கார்டுதான். தேதி, கிலோமீட்டர், நீங்க சொன்ன புகார் மூணும் ஒரே தாள்ல பதிவாகுது. கார் வாங்கின நாள்ல இருந்து சின்னச் சின்ன விஷயத்தையும் மொபைல்ல குறிச்சு வைங்க: இடது பக்கக் கதவுல சத்தம், ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குது, மழை பெஞ்சா உள்ள ஈரம், ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது. அட்வைசர்கிட்ட வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க. "பார்த்துக்கறோம் சார்"ங்கிற பதிலுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க, ஒரு காப்பி வாங்குங்க. அதே கியர் பிரச்சினை ஒரு வருஷம் கழிச்சுப் பெருசானா, "நீங்க ஓட்டின விதம்தான் காரணம்"னு அவங்க சொல்ல முடியாது. முதல் மாசமே பதிவாகியிருக்கே! பில் பூஜ்யம் ரூபாயா இருந்தாலும் அதை ஃபைல்ல போடுங்க. நாளைக்குக் காரை விக்கும்போது வாங்க வர்றவர் முதல்ல கேட்கிறது சர்வீஸ் ஹிஸ்டரிதான்.

இலவச சர்வீஸ்ல கடைக்கு எங்க வருமானம்? எக்ஸ்ட்ரா வேலையிலதான். பெயின்ட்டுக்கு கோட்டிங், ஏசி கிளீனிங், இன்ஜின் ஃபிளஷ்னு வரிசையா கேட்பாங்க. 1,000 கிலோமீட்டர் ஓடின இன்ஜின்ல கழுவறதுக்கு அழுக்கே சேர்ந்திருக்காது, அதனால ஃபிளஷ் வேண்டவே வேண்டாம். ஒரு மாச ஏசிக்கும் அதே பதில்தான். கடலோரத்துல இருக்கறவங்க அடிப்பக்க ஆன்டி ரஸ்ட் கோட்டிங் பத்தி மட்டும் யோசிக்கலாம், அதையும் வெளியில விலை விசாரிச்சுட்டு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எஸ்டிமேட்ல என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு ஒவ்வொரு வரியா படிங்க. வேண்டாததை அடிக்கச் சொல்லுங்க.

உதாரணத்துக்கு, அந்த பேக்கேஜ் 12,000 ரூபாய்னு வைங்க. அதை அவங்ககிட்ட கொடுக்காம மாசம் 1,000 ரூபாயா ஆர்டி போட்டு வந்தா, ஒரு வருஷம் கழிச்சு ஆயில், ஃபில்டர்னு நீங்க காசு கொடுக்க வேண்டிய சர்வீஸ் வரும்போது பணம் தயாரா இருக்கும். இஎம்ஐ ஆரம்பிச்ச அதே மாசத்துல இந்த ஆர்டியையும் ஆரம்பிச்சுடுங்க.

இப்பவே கார் டெலிவரி எடுத்த தேதியைப் பார்த்து, அதுல இருந்து 25-வது நாளுக்கு மொபைல்ல ஒரு ரிமைண்டர் வைங்க. சனிக்கிழமை கூட்டம் அதிகம், வார நாள்ல காலையில புக் பண்ணினா அட்வைசர் உங்க லிஸ்ட்டைப் பொறுமையா கேட்க நேரம் இருக்கும்.