வானிலிருந்து தெரியும் பூச்சித் தாக்குதல்: உங்கள் போனிலேயே பார்க்கலாம்

காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் போன ஊர். அந்தப் பட்டு தறியில் தொடங்குவதில்லை. மல்பெரி இலையில் தொடங்குகிறது. 2008-ல் கோயம்புத்தூர் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கொங்கு மண்டலத்து மல்பெரித் தோட்டங்களையும் மரவள்ளியையும் பதம் பார்த்தது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. பூச்சியை எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோமோ, அவ்வளவு நஷ்டம் குறையும்.

காட்டில் இது இன்னும் கஷ்டம். 1990-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்துச் சால் காடுகளில் துளைப்பான் வண்டு பெருகி, லட்சக்கணக்கான மரங்கள் பாதிக்கப்பட்டன. அத்தனை மரத்தையும் ஆள் போய்ப் பார்ப்பது நடக்கிற காரியமா? அங்கேதான் செயற்கைக்கோள் கை கொடுக்கிறது.

எப்படித் தெரிகிறது?

நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். பூச்சி தின்றாலோ சாறு உறிஞ்சினாலோ இது தலைகீழாக மாறத் தொடங்கும். இதை அளப்பதுதான் என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

உதாரணமாக, அகச்சிவப்பு 50, சிவப்பு 5 என்றால் விடை 0.82, செழிப்பான பயிர். அகச்சிவப்பு 30, சிவப்பு 15 என்றால் 0.33, ஏதோ கோளாறு.

போனில் பார்க்கும் முறை

1. போனில் ‘கோப்பர்நிக்கஸ் பிரவுசர்’ என்று தேடித் திறங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவசச் சேவை இது. போனைப் படுக்கையாகத் திருப்பிக்கொண்டால் வசதி.
2. உங்கள் ஊர் பெயரைத் தேடுங்கள்.
3. ‘சென்டினல்-2’ படங்களில் மேகம் இல்லாத தேதியைத் தேர்ந்தெடுங்கள். சுமார் 5 நாளுக்கு ஒரு படம் கிடைக்கும்.
4. என்.டி.வி.ஐ. என்ற அடுக்கைத் தொடுங்கள். கரும்பச்சை என்றால் அடர்த்தி. வெளிறினால் பசுமை குறைவு.
5. போன வருஷம் இதே பருவத்தின் படத்தோடு ஒப்பிடுங்கள். நவரையை நவரையோடும், சொர்ணவாரியை சொர்ணவாரியோடும்தான் ஒப்பிட வேண்டும்.

எதை நம்பக் கூடாது?

இந்தப் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒற்றைத் தென்னைக்கு வந்த நோய் இதில் பிடிபடாது. ஒரு ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளிகள் என்பதால், வயலில் திட்டு விழுந்தால் தெரியும்.

வெளிறிய இடமெல்லாம் பூச்சி என்று முடிவு கட்டாதீங்க. அறுவடை, தண்ணீர்த் தட்டுப்பாடு, கோடையில் காட்டு மரங்கள் இலை உதிர்ப்பது, மேக நிழல் எல்லாமே அப்படித்தான் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் மேகம் மட்டுமே தெரியும்.

முக்கியமான இன்னொன்று: செயற்கைக்கோள் பெரும்பாலும் தாமதமாகத்தான் சொல்லும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பட்டை வண்டு சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்தது. அங்கே வண்டு புகுந்த பைன் மரம் முதலில் பச்சையாகவே இருக்கும். மறு வருஷம் சிவக்கும். பிறகு சாம்பல் நிறமாகும். சிவந்த பிறகுதான் படத்தில் தெளிவாகத் தெரியும். அதற்குள் வண்டு பக்கத்து மரத்துக்குப் போயிருக்கும்.

நம் நெல்லில் புகையானும் அப்படித்தான். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்த பிறகே வானிலிருந்து தெரியும். அதனால் படத்தில் திட்டு தெரிந்தால் அங்கே போய், சுற்றியுள்ள பச்சைப் பயிரின் தூரை விலக்கிப் பாருங்கள். காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.

யாரிடம் சொல்வது?

பூச்சியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘உழவன்’ செயலியில் உங்கள் ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் வரும் விவரம் இருக்கிறது. 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். 2024-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலியும், அனுப்பும் படத்தை வைத்துப் பூச்சியை அடையாளம் காண உதவும். காட்டு மரங்கள் கூட்டமாகக் காய்ந்தால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள்.

என்ன பூச்சி என்று தெரியாமல் மருந்து அடிக்காதீங்க. தவறான மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியைக் கொன்றுவிடும். புகையான் முன்னைவிடப் பெருகும். எங்கே பார்க்க வேண்டும் என்று வானம் சொல்லும். என்ன பூச்சி என்று சொல்ல, வயலில் இறங்கிய கண்தான் வேண்டும்.