கப்பலுக்குப் பேர் மாறும், எண் மாறாது

திருவொற்றியூர் கடற்கரையில நின்னா தூரத்துல கப்பல்கள் நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கோ போக முறை பார்த்துக் காத்திருப்பவை அவை. ஆறாம் வகுப்பிலிருந்து நான் அவற்றை ஒரு ரஃப் நோட்டில் எழுதி வருகிறேன். விவரமெல்லாம் அப்பா போனில் உள்ள கப்பல் வரைபடத்தில் கிடைக்கும்.

அந்த வரைபடத்துக்குச் செய்தி அனுப்புவது கப்பலில் உள்ள ஏ.ஐ.எஸ். என்ற ரேடியோ கருவி. வெளிநாடு போய்வரும், 300 டன் அளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் இது கட்டாயம். இருக்கும் இடமும் வேகமும் ஜி.பி.எஸ்-இலிருந்து தானாகவே போகும். ஓடும் கப்பல் என்றால் 2 முதல் 10 நொடிக்கு ஒரு தடவை. ஆனால் போகும் ஊர், 'நங்கூரமிட்டுள்ளது' என்ற நிலை, இதெல்லாம் கப்பலில் இருக்கிற ஆள்தான் கையால் மாற்றணும். மறந்தா பழசே நிக்கும்!

போன வருஷம் ஒரு ராத்திரி அப்பா போனைப் பார்த்தாரு. ஒரு கப்பல் 'நங்கூரம்' என்று காட்டியது. நம்பி ஃபைபர் படகிலிருந்து வலை விட்டாரு. அது நகர்ந்து வந்து பாதி வலையை அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. மிச்ச வலையோடு வந்தவர் அன்னைக்குச் சாப்பிடவே இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், நிலைக்குப் பக்கத்திலேயே வேகம் 6 நாட் என்று இருந்திருக்கு. இப்ப அப்பா வேகத்தைத்தான் முதல்ல பார்க்கிறாரு.

இதற்காகக் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு வெளியே மோதி, எர்ணாவூர் கரை வரை எண்ணெய் ஒதுங்கக் காரணமான பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் கப்பல்களும் இந்தக் கருவி வைத்திருக்க வேண்டியவைதான்.

என் நோட்டும் ஒழுங்கில்லை. ஒரே கப்பலை ரெண்டு பேரில் ரெண்டு தடவை எழுதியிருந்தேன்! கப்பலை விற்றால் பேர் மாறும், கொடியும் மாறும். பழைய பேரின் வெல்டிங் எழுத்து சில கப்பல்களில் புதுப் பெயிண்டுக்கு அடியில் மேடாகத் தெரியும் என்பார் அப்பா. மாறாதது ஐ.எம்.ஓ. எண், 7 இலக்கம். (விமானத்துக்கு இந்த வசதி இல்லை. வேறு நாட்டில் பதிவு செய்தால் பதிவெழுத்தும் ரேடியோ குறியீடும் மாறிவிடும். அதனால் விமானப் பட்டியல் வைப்பவர்கள் தொழிற்சாலை வரிசை எண்ணையும் சேர்த்து எழுதுவார்கள்.)

எண்ணைத் தப்பாக எழுதினாலும் கண்டுபிடிக்கலாம். 2021-இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலின் எண் 9811000. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டணும்.

63 + 48 + 5 + 4 + 0 + 0 = 120

விடையின் கடைசி இலக்கம் 0. எண்ணின் ஏழாவது இலக்கமும் 0. சரி!

இப்போது நான் எதையும் ரப்பரால் அழிப்பதில்லை. பழைய பேரின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதுப் பேர், தேதி. கணக்கு சார் சொன்ன யோசனை இது.

உங்களுக்கு ஒரு கணக்கு: 9074729 சரியான எண்ணா? விடை அடுத்த தாளில்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு