ஈரல் பரிசோதனைச் சீட்டை நாமே படிப்போம்



"ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு, சீட்டுல என்ன போட்டிருக்குன்னுதான் தெரியல" என்று குழுக் கூட்டங்களில் பலரும் சொல்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற நமக்கு இது கஷ்டமே இல்லை.

வலது விலாவுக்குக் கீழே இருக்கிறது ஈரல். பித்தநீர் சுரப்பது, ரத்தத்தில் சேரும் நச்சை முறிப்பது, புரதம் தயாரிப்பது எல்லாம் அதன் வேலை. கெட ஆரம்பித்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது. அதனால்தான் ரத்தப் பரிசோதனை.

சீட்டில் இருப்பவை:

1. பிலிருபின்: பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது வரும் மஞ்சள் பொருள். சுமார் 1.2 வரை சரி. 3-ஐ நெருங்கினால் கண் மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் காமாலை என்பது அறிகுறிதான். காரணத்தை டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி.: ஈரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் கசிபவை. சுமார் 40 வரை சரி. ஓ.டி. அளவு பி.டி.யைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் குடி காரணமாக இருக்கலாம்.

3. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்: பித்தக் குழாயில் அடைப்பு இருந்தால் கூடும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

4. ஆல்புமின்: ஈரல் தயாரிக்கும் புரதம். 3.5 முதல் 5 வரை சரி. ரொம்பக் குறைந்தால் கால் வீங்கும், வயிற்றில் நீர் கோர்க்கும்.

லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் மாறும். சீட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு உதாரணம்: தினமும் குடிக்கிற ஒருவருக்கு எஸ்.ஜி.பி.டி. 38. "எனக்கு எல்லாம் நார்மல்" என்று மறுபடியும் கடைக்குப் போகிறார். ஆனால் அதே சீட்டில் ஆல்புமின் 2.8. ஈரல் சுருங்கித் தழும்பாகிவிட்டால், கசிவதற்குக்கூட நல்ல செல்கள் குறைந்துபோகும். அப்போது எஸ்.ஜி.பி.டி. சரியாகவே காட்டும். ஒரு வரியை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

குடிக்காத பெண்களுக்கும் சர்க்கரை நோய், உடல் பருமன் இருந்தால் ஈரலில் கொழுப்பு சேரும். ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்பது இந்தச் சீட்டில் தெரியாது. அதற்குத் தனி டெஸ்ட். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதற்கான தடுப்பூசி போட வேண்டும்.

கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் கைமருந்து பார்த்துக் காத்திருக்க வேண்டாம். தாய்க்கும் சேய்க்கும் உயிர் ஆபத்து வரலாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்க.

கூட்டத்தில் கலந்து பேச:

* நம் வீட்டுப் பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோமா?
* அடுத்த முறை டாக்டரிடம், "எந்த அளவு கூடியிருக்கு? மறுபடி எப்போ டெஸ்ட் எடுக்கணும்?" என்று கேட்போமா?