மாவுப் பாதமும் மகனின் கேள்வியும்

கோகுலாஷ்டமி மாலை. வாசற்படியிலிருந்து கூடம் வரை அரிசி மாவில் சின்னஞ்சிறு பாதங்கள் பதிந்திருந்தன. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அவற்றின் அருகே குந்தி அமர்ந்தான். தன் கையை இறுக மூடி, அதன் சுண்டுவிரல் பக்கத்தை ஒரு பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தான். வடிவம் ஒத்துப்போனது, கோலத்துப் பாதம் மட்டும் சற்றுப் பெரிது. பிறகு, அடுப்பில் சீடை கருகாமல் பார்க்கப் போயிருந்த தாயின் கையைக் கவனித்தான். அதன் விளிம்பில் மாவு காய்ந்து வெளுத்திருந்தது.

"அம்மா, கண்ணன் கால் உன் கைதானா?"

சென்ற ஆண்டு வரை அவன் கேட்ட கேள்விகள் வேறு. கண்ணன் எத்தனை மணிக்கு வந்தான், வந்த அடி இருக்கிறதே, திரும்பிப் போன அடி ஏன் இல்லை என்றெல்லாம் கேட்பான். அவன் உறங்கியபின் வெண்ணெய்க் கிண்ணத்தில் விரலால் ஒரு தடம் இட்டு வைப்பாள் தாய். காலையில் அதைக் கண்டு அவன் துள்ளுவான்.

இப்போது கேள்வி கேட்டவன் அழவில்லை. புதிரை விடுவித்த பெருமிதமே அவன் முகத்தில் இருந்தது. கலங்கியவள் தாய்தான். பொய் பேசாதே என்று கற்பித்தவளே இத்தனை ஆண்டுகள் பொய்யாக நடந்தோமோ என்ற நாணம் ஒருபுறம். இன்று பாதம் பொய் என்றவன் நாளை கண்ணனே பொய் என்பானோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டையும் அண்டை வீட்டாரிடம் சொல்லிவிடலாம். சொல்ல முடியாதது ஒன்று உண்டு. இனி அந்தக் கிண்ணத்தைப் பார்த்துத் துள்ள ஆள் இல்லை. அந்தத் துள்ளலுக்காகவே அவள் இரவெல்லாம் விழித்திருந்தாள். அது பிள்ளையின் மகிழ்ச்சி என்றாலும் பாதிக்கு மேல் அவளுடையது.

இதை மோகம் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமன்று. பாகவதத்தின் 10-ஆம் ஸ்கந்தத்தில், கண்ணனின் வாயில் அண்டம் முழுவதையும் கண்ட யசோதை, அடுத்த கணமே அதை மறந்து அவனை மடியில் இருத்திக்கொள்கிறாள். அந்த மறதியைப் பாகவதம் குற்றமாகப் பேசவில்லை. அவளது பேறாகவே வியக்கிறது. பிள்ளை பிள்ளையாகவே இருக்கட்டும் என்று தாய் விரும்புவது அவ்வளவு ஆழமானது.

ஆயினும் கேள்வி வந்தபின் மறதி உதவாது. நழுவுவதும் உதவாது. நழுவும் பெற்றோர் எல்லா நாட்டிலும் உண்டு. கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையில் இருக்கிறாரா என்ற ஐயம் நியூயார்க்கில் எட்டு வயதுச் சிறுமி வர்ஜீனியா ஓஹான்லனுக்கு எழுந்தது. 'தி சன்' நாளிதழில் வந்தால் அது உண்மை என்று தந்தை சொல்லிவிட்டார். சிறுமி அந்த நாளிதழுக்கே கடிதம் எழுதினாள். 'இருக்கிறார்' என்று விடையளித்து 1897 செப்டம்பர் 21 அன்று வெளிவந்த தலையங்கம் உலகப் புகழ் பெற்றது. அதை எழுதிய பிரான்சிஸ் சர்ச்சுக்குப் பிள்ளைகள் இல்லை. தந்தையிடமிருந்து வரவேண்டிய விடை அவரிடமிருந்து வந்தது!

பண்டரிபுரத்து நாமதேவரின் கதை இதைவிடக் கூர்மையானது. தந்தை ஊரில் இல்லாத நாளில் சிறுவன் நாமதேவன் நைவேத்தியத் தட்டுடன் விட்டலன் முன் நின்றான். சுவாமி உண்ணவில்லை. அழுதான், கெஞ்சினான், தலையை மோதிக்கொள்ளவும் துணிந்தான். விட்டலன் உண்டான். வெறும் தட்டுடன் வந்த சிறுவனை வீட்டார் நம்பவில்லை. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் பிள்ளையாரை இவ்வாறே உண்ணவைத்தார் என்பது தமிழ்நாடு அறிந்த வரலாறு. இக்கதைகளைக் கேட்பவர்கள் சிறுவனின் பக்தியையே வியக்கிறார்கள். நாள் தவறாமல் தட்டை ஏந்திய பெரியவர்கள் அது வெறுமையாகும் என்று ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை என்பதைக் கவனிப்பவர் குறைவு.

மகனின் கேள்வி தாயைச் சுடுவதும் இதனால்தான். பாதத்தை வரைந்தது யார் என்பதோடு அது நிற்காது. கண்ணன் வருகிறானா இல்லையா என்று தொடரும். அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

வேதாந்திகள் அருந்ததி நியாயம் என்று ஒன்றைக் கூறுவர். அருந்ததி மங்கலான விண்மீன். எடுத்த எடுப்பில் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே அருகிலுள்ள பெரிய விண்மீனைக் காட்டி, 'இதுதான் அருந்ததி' என்பார்கள். பார்வை அங்கே நிலைத்தபின், 'இது அன்று, இதற்குப் பக்கத்தில் பார்' என்பார்கள். முதலில் சொன்னது பொய்யா? சொன்னவர் அதோடு நிறுத்திக்கொண்டால் பொய்தான். அடுத்ததைக் காட்ட வேண்டுமானால் காட்டுபவர் அருந்ததியைத் தாமே கண்டிருக்க வேண்டும். அல்லது தாமும் தேடிக்கொண்டிருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாய் அடுப்பை அணைத்துவிட்டு மகன் அருகில் வந்து அமர்ந்தாள்.

"ஆமாம், என் கைதான். எங்கள் அம்மா கையும் இப்படித்தான் போட்டது."

"அப்போ கண்ணன் வரமாட்டானா?"

"வர வேண்டும் என்றுதான் போடுகிறேன். வந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் இதைப் போடும்போது, யாரோ வரப்போகிற வீடு மாதிரி இருக்கிறது."

சிறுவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். கூடத்திலிருந்து பூஜையறை வரை இன்னும் நான்கைந்து பாதங்களுக்கு இடம் இருந்தது. மூன்று வயதுத் தங்கை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள். அவன் மாவுக் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு முதலில் வலக்கையையும் பின் இடக்கையையும் தோய்த்து ஊன்றினான். தாயின் கைப்பாதத்தைவிட அவை சிறியவை. குழந்தைக் கண்ணனுக்கு இன்னும் பொருந்தின. விரல்களுக்கு உரிய புள்ளிகளைத் தாய் வைத்தாள்.

"திரும்பிப் போகிற காலும் போடட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் தாய்.