பழைய கணினிக்குப் புதுவாழ்வு: நிறுவல் பென் டிரைவ் செய்யும் முறை

முன்னுரை

தாமிரபரணிக் கரை ஊர்களில் பல வீடுகளில் இன்று அலமாரியின் மேல்தட்டில் ஒரு மடிக்கணினி உறங்கிக்கொண்டிருக்கிறது. தமிழக அரசு 15-9-2011 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அக்காளுக்கோ அண்ணனுக்கோ கிடைத்ததாக அது இருக்கலாம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி ஆகியவற்றின் மாணவ மாணவியர்க்கு வழங்கப்பட்ட அக்கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தன. “மெதுவாகிவிட்டது; இனி உதவாது” என்று சொல்லி அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் பழுது கணினியின் உடலில் இல்லை. அதனுள் இருக்கும் இயங்குதளமே முதுமை அடைந்துவிட்டது. புதிய இயங்குதளத்தை நிறுவினால் கணினி மீண்டும் எழுந்து நடக்கும். அதற்குத் தேவையான நிறுவல் பென் டிரைவை நாமே செய்துகொள்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிறுவல் ஊடகம் என்றால் என்ன?

கணினியை இயக்குவது இயங்குதளம். அந்த இயங்குதளத்தையே கணினிக்குள் கொண்டு சேர்ப்பது யார்? ஆங்கிலத்தில் இதனைப் ‘பூட்’ செய்தல் என்பர். ஒருவர் தம் காலணியின் வாரைத் தாமே பிடித்துத் தம்மைத் தூக்கிக்கொள்வது என்னும் வேடிக்கையான வழக்கிலிருந்து இச்சொல் பிறந்தது. மின்சாரம் பாய்ந்தவுடன், தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சிறு நிரல் விழித்துக்கொள்கிறது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ்; புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. அது, தொடங்குவதற்குரிய நிரல் எங்கே இருக்கிறது என்று வன்தட்டிலும் பென் டிரைவிலும் தேடுகிறது. குறித்த இடத்தில் குறித்த முறையில் அந்நிரல் இருந்தால் மட்டுமே அதனை ஏற்றுக்கொள்ளும்.

எனவேதான், இணையத்திலிருந்து இறக்கிய ‘ஐ.எஸ்.ஓ.’ கோப்பைப் பாட்டு அல்லது படத்தை நகலெடுப்பதுபோல் பென் டிரைவில் போட்டுவைத்தால் கணினி அதிலிருந்து தொடங்குவதில்லை. ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழு வட்டின் அச்சுப் படிவம். அதனை அச்சு மாறாமல் பென் டிரைவில் எழுத வேண்டும். முன்பு இதற்கு 700 எம்.பி. குறுந்தகடும், பின்னர் 4.7 ஜி.பி. டி.வி.டி.யும் பயன்பட்டன. உபுண்டு லினக்ஸைத் தயாரித்தவர்கள் 2011ஆம் ஆண்டு வரை குறுந்தகடுகளை உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பினார்கள். இன்று 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும்.

ஏன் புதுப்பிக்க வேண்டும்?

ஏரலுக்கு அருகிலுள்ள கொற்கையை நாம் அறிவோம். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய அவ்வூரில் இன்று கடல் இல்லை. ஆற்று வண்டல் படிந்து கடல் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. வாணிகமும் காயலுக்கும் பின்னர் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. பழைய வரைபடத்தை நம்பிக் கொற்கைக்குக் கப்பல் ஓட்டி வருகிறவன் வயற்காட்டைத்தான் தேடி வர வேண்டும். வரைபடம் வரைந்த நாளில் அது பொய்யன்று. நாள் சென்றதால் பொய்த்தது. நிறுவல் ஊடகமும் அத்தகையதே. அது செய்யப்பட்ட நாளன்று இருந்த நிலையை மட்டுமே அறியும். அதன் பிறகு கண்டறியப்பட்ட ஓட்டைகளையும் அவற்றுக்கு இட்ட அடைப்புகளையும் அறியாது.

இதனால் வரும் தீங்கு சிறிதன்று. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் ஜூலை மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஆயினும் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. வட்டிலிருந்து புதிதாக நிறுவிய கணினிகள், அத்திருத்தத்தை இறக்குவதற்காக இணையத்தில் இணைந்த சில நிமிடங்களிலேயே புழுவுக்கு இரையாயின. மருந்து வாங்கச் செல்லும் வழியிலேயே நோய் தொற்றிய கதை இது! அடுத்த ஆண்டு, அதாவது 2004 ஆகஸ்டில், திருத்தங்களை உள்ளடக்கிய ‘சர்வீஸ் பேக் 2’ வெளிவந்தது. 2017 மே மாதம் பரவிய ‘வானாக்ரை’யும் இவ்வாறே மார்ச்சு மாதத்தில் வெளிவந்த திருத்தத்தைப் பெறாத கணினிகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவும் அதில் சிக்கித் தவித்தன.

பழைய ஊடகத்தால் வேறு இரு தொல்லைகளும் உண்டு. ஒன்று, நிறுவிய பின் நூற்றுக்கணக்கான திருத்தங்களை இறக்க வேண்டியிருப்பதால் இணையச் செலவும் நேரமும் வீணாகும். மற்றொன்று, அது புதிய வன்பொருளை அறியாது. வைஃபை வேலை செய்யாமல் போகலாம்.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸ் 7க்கான திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதி ஆகியவை வேண்டும். பழைய மடிக்கணினிகளில் இவை யாவும் அமைவது அரிது. அவற்றுக்கு லினக்ஸ் ஏற்றது. அது விலையின்றிக் கிடைக்கிறது. டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியன பலரும் அறிந்தவை. நமது ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. நினைவகம் குறைந்த கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எளிய முகப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

பதிப்பு எண்ணைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். உபுண்டு 24.04 என்பது 2024 ஏப்ரலில் வந்தது. அதன் திருத்தங்களைத் திரட்டி 24.04.1, 24.04.2, 24.04.3 என்று புதிய கோப்புகள் வெளியாயின. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கும் 13.1 என்றவாறு தொடர்ச்சி உண்டு. கடைசி எண் பெரிதாக உள்ளதையே இறக்க வேண்டும். டெபியனின் ‘நெட்இன்ஸ்ட்’ கோப்பு 1 ஜி.பி.க்கும் குறைவானது, மற்றவற்றை நிறுவும்போதே இணையத்திலிருந்து புதிதாகக் கொண்டுவரும்.

செய்முறை

1. கணினியிலுள்ள படங்கள், பாடக்குறிப்புகள், சான்றிதழ்கள் அனைத்தையும் வேறிடத்தில் நகலெடுத்துப் பத்திரப்படுத்துக. பென் டிரைவில் உள்ளவையும் முற்றிலும் அழிந்துபோகும்.

2. நன்கு இயங்கும் வேறொரு கணினியில், தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்குக. உபுண்டுக் கோப்பு ஏறத்தாழ 6 ஜி.பி. ஆகும்.

3. கோப்பைச் சரிபார்க்க. (இதனைக் கீழே விளக்குவோம்.)

4. ‘ரூஃபஸ்’ அல்லது ‘எட்சர்’ என்னும் இலவச மென்பொருளைத் திறந்து, கோப்பையும் பென் டிரைவையும் தேர்ந்தெடுத்து எழுதுக. தேர்ந்தெடுத்தது பென் டிரைவ்தானா என்பதை அதன் அளவைக் கொண்டு இருமுறை பார்க்க வேண்டும்; தவறான வட்டைத் தேர்ந்தால் அதிலுள்ளவை அழிந்துவிடும். விண்டோஸ் 11 வேண்டுமெனில், மைக்ரோசாப்ட் தளத்திலுள்ள ‘மீடியா கிரியேஷன் டூல்’ புதிய பதிப்பைத் தானே இறக்கி எழுதித் தரும்.

5. பென் டிரைவைப் பழைய கணினியில் செருகி, மின்விசையை அழுத்தியவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டுக. விசை கணினிக்குக் கணினி மாறும். வரும் பட்டியலில் யூ.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுக்க.

6. உபுண்டு, மின்ட் போன்றவற்றில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. வைஃபை, ஒலி, விசைப்பலகை ஆகியவை சரியாக உள்ளனவா என்று முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே நிறுவுக. டெபியனில் நிறுவும் மொழியாகத் தமிழையே தேர்ந்தெடுக்கலாம்.

முத்தைச் சோதித்து வாங்குவோம்

இறக்கிய கோப்பு உண்மையானதா என்று எவ்வாறு அறிவது? தயாரிப்பாளர் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.256 என்னும் கணக்கு முறையால் பெற்ற 64 குறிகளைத் தளத்தில் வெளியிடுகிறார். நம் கோப்புக்கும் அக்கணக்கைச் செய்து பார்க்க, விண்டோஸில் ‘சர்ட்யூட்டில்’ கட்டளையும் லினக்ஸில் ‘எஸ்.எச்.ஏ.256சம்’ கட்டளையும் உள்ளன. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் 64 குறிகளின் தோற்றம் முழுவதும் மாறிவிடும். இரண்டும் ஒத்தால் கோப்பு சிதையாமல் வந்தது என்று கொள்ளலாம்.

இது வீண் சடங்கன்று. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் சொந்தத் தளத்திலேயே கயவர்கள் புகுந்து, கள்ளவாசல் வைத்த ஐ.எஸ்.ஓ. கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். தளத்தை மாற்றுகிறவர் அங்குள்ள குறிகளையும் மாற்றிவிடக்கூடும் அல்லவா? ஆகையால் ஜி.பி.ஜி. என்னும் மின்கையொப்பமும் உடன் வெளியிடப்படுகிறது. தயாரிப்பாளரின் இரகசியத் திறவுகோல் இன்றி அதனைப் போலியாக இட முடியாது. முதலில் குறிகளைச் சரிபார்க்கப் பழகி, பின்னர் கையொப்பத்தைச் சரிபார்க்கவும் கற்றுக்கொள்வோமாக.

புதுமை குன்றாதிருக்க

செய்த பென் டிரைவின்மேல் இயங்குதளத்தின் பெயர், பதிப்பு எண், செய்த மாதம் ஆகியவற்றை எழுதி ஒட்டுவது நலம். மருந்துப் புட்டியில் நாள் பார்க்கிறோம். இதற்கும் நாள் பார்க்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறையேனும் புதிய கோப்பு வந்துள்ளதா என்று பார்த்து மாற்றுவோம். ‘வென்டாய்’ என்னும் மென்பொருளைப் பென் டிரைவில் ஒரு முறை நிறுவிவிட்டால், பின்னர் ஐ.எஸ்.ஓ. கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்தாலே போதும். பழையதை நீக்கிப் புதியதை வைப்பது எளிதாகும்.

முடிவுரை

தோழியரே! விலை கொடுத்துப் புதுக் கணினி வாங்க இயலாத இல்லங்கள் நம்மிடையே உள்ளன. அங்கெல்லாம் தங்கைக்குப் பாடம் தட்டச்சு செய்யவும், அன்னைக்கு விண்ணப்பம் நிரப்பவும் ஒரு பழைய மடிக்கணினி போதும். அதனை எழுப்பத் தேவைப்படுவது ஒரு பென் டிரைவும், ஒரு பிற்பகல் நேரமும், சற்றே பொறுமையுமே. ஒருத்தி கற்று, தன் தெருவில் இன்னொருத்திக்குக் கற்றுக் கொடுத்தால் அலமாரிகளில் உறங்கும் கணினிகள் ஒவ்வொன்றாய் விழித்தெழும். அம்முயற்சியை இவ்விடுமுறையிலேயே தொடங்குவோம்.