ஓட ஓட நின்றுவிடும் நடுக்கம்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?



நமது ஜமாஅத்தில் வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. ஆட்டோ, மினி வேன், லோடு வண்டி, பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் என ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கடன் தவணையும் ஒரு குடும்பத்தின் அடுப்பும் இருக்கின்றன. அந்தச் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “காலையில் வண்டியை எடுத்தால் உதறுகிறது. ஆமத்தூர் தாண்டியதும் ஒன்றுமே தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?”

இதில் ஓட்டுநர் சொல்வதும் உண்மை, மெக்கானிக் சொல்வதும் உண்மை. சூடானதும் மறைந்துவிடும் குறை, மெக்கானிக்கின் கைக்கு வருமுன்பே ஒளிந்துகொள்கிறது. இது தெரியாமல் வீல் பேலன்சிங், அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாகச் செலவு செய்தும் மறுநாள் காலை அதே நடுக்கத்தைக் காண்பவர்கள் உண்டு. எனவே இந்த இதழில் இதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் சந்தேகம் டயர் மீது

நிறுத்தி வைத்த வண்டியின் முழு எடையும் நான்கு டயர்களின் அடிப்பகுதியில், ஆளுக்கு ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் நிற்கிறது. அந்த இடம் சற்றுத் தட்டையாகிறது. வண்டி உடனே நகர்ந்தால் டயர் பழையபடி வட்டமாகிவிடும். ஆனால் நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டயரை அப்படியே நிறுத்தினால், அது ஆறும்போது தட்டையான வடிவத்திலேயே இறுகிவிடுகிறது.

காரணம் ரப்பர் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் நூலும்தான். லோடு வண்டிகளில் நாம் ‘நைலான் டயர்’ என்று சொல்வதில் உடல் முழுவதும் நைலான் நூல். கார்களின் ரேடியல் டயரில் உடல் பாலியஸ்டர் என்றாலும், பலவற்றில் எஃகுப் பட்டைக்கு மேலே ஒரு சுற்று நைலான் இருக்கும். நைலான் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகி, அதற்குக் கீழே இறுகும் தன்மை கொண்டது. ஓடும் டயரின் உள்சூடு நம் வெயிலில் அந்த அளவை எளிதாகத் தாண்டும். நின்றதும் இறுகும். மறுநாள் மீண்டும் ஓடிச் சூடேறியதும் நூல் இளகி டயர் வட்டத்துக்குத் திரும்பும். நடுக்கமும் நின்றுவிடும். அமெரிக்காவில் 1950-களிலேயே நைலான் டயர் போட்ட கார்களில் இந்தக் காலை நேர உதறல் பெரிய புகாராக இருந்தது.

சிறிய கார் டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்று சுற்றும். தட்டையான இடம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘தட்’. நொடிக்கு மூன்று தட்டு என்றால் எண்ணிவிடலாம். 40 கி.மீ. வேகத்தில் அது ஆறாகி நடுக்கமாக உணரப்படும். வேகத்தோடு தட்டு கூடினால் குறை சக்கரத்தைச் சேர்ந்தது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணம்

நம்மைச் சுற்றியுள்ளது கரிசல் பூமி. மழை நாளில் மண் பாதையில் போய் வந்தால் சக்கரத்தின் உள்பக்கம் கரிசல் மண் அப்பிக்கொள்கிறது. இரவில் காய்ந்து கல்லாகிறது. ஒரு பக்கம் மட்டும் கனம் கூடிய சக்கரம் வேகமெடுத்ததும் உதறும். சில கிலோமீட்டரில் மண் உதிர்ந்ததும் உதறல் போய்விடும். இதற்கு மருந்து ஒரு குச்சியும் ஒரு வாளித் தண்ணீரும்தான். ஐப்பசி, கார்த்திகையில் நடுக்கம் வந்தால் செலவு செய்யுமுன் சக்கரத்தின் உள்பக்கத்தைக் குனிந்து பாருங்கள்.

பிரித்து அறியும் முறை

1. வண்டியை நகர்த்தாமல் நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். நின்ற இடத்திலேயே உதறினால் டயர் காரணமல்ல. குளிர்ந்த எஞ்சின் சரியாக எரியாததோ, எஞ்சின் மவுண்டிங் ரப்பர் இறுகிப்போனதோ காரணமாக இருக்கலாம். எஞ்சின் சூடானதும் இதுவும் குறையும் என்பதால் பலர் குழம்புகிறார்கள்.

2. பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக்கைப் பாருங்கள். மழைக்குப் பிறகோ, கழுவி நிறுத்திய பிறகோ டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் தேய்ந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டபடி பல நாள் நின்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு குலுக்கலோடு விடுபடும்.

3. ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம். முன், பின் சக்கரங்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நடுக்கமும் இடம் மாறினால் அது டயர்தான்.

4. குறிப்பிட்ட வேகத்தில், உதாரணமாக 70, 80 கி.மீ.க்கு மேல் மட்டும் வந்து, எவ்வளவு ஓடினாலும் போகவில்லை என்றால் அதற்குத்தான் வீல் பேலன்சிங்.

5. பின் சக்கரம் இழுக்கும் வேன்களில், கியர் மாற்றும்போது அடியிலிருந்து ‘டங்’ என்ற சத்தமும் சேர்ந்தால் கிராஸ் ஜாயிண்டைக் காட்டுங்கள்.

இவற்றை ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. வண்டி எத்தனை நாள் நின்றது, எந்த வேகத்தில் தொடங்கியது, எத்தனை கி.மீ.யில் நின்றது, எங்கே உணர்ந்தீர்கள் என்ற நான்கு விவரம் போதும். மெக்கானிக் பார்க்க முடியாத குறைக்கு ஓட்டுநர்தான் சாட்சி.

இன்னும் சிறந்தது, மாலையிலேயே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவது. “காலையில் ஆறிய நிலையில் நீங்களே எடுத்து ஓட்டிப் பாருங்கள்” என்று கேளுங்கள். சந்தேகம் தீர வேண்டுமானால், நன்றாக ஓடி வந்த வண்டியை அன்றிரவு சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் நடுக்கம் இல்லையென்றால் டயர் தட்டையானதே காரணம் என்பது உறுதி. ஜாக்கியை மட்டும் நம்பி இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

எப்போது அலட்சியம் கூடாது?

ஓட ஓடக் குறையும் நடுக்கம் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானதல்ல. ஓட ஓடக் கூடும் நடுக்கம் ஆபத்தானது. சூடேறும்போது உதறல் அதிகமானால் டயரின் உள் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நட்டு தளர்ந்தாலும் உதறல் நாளுக்கு நாள் கூடும். உடனே ஓரம் கட்டி நட்டுகளையும், டயரில் புடைப்பு உள்ளதா என்பதையும் பாருங்கள். புடைப்பு இருந்தால் ஸ்டெப்னியை மாட்டுங்கள். பஞ்சர் பார்த்துச் சக்கரம் மாட்டிய பின் 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பது அவசியம். அந்த வேனில் இருப்பவர்கள் விடிகாலையில் வேலைக்குப் போகும் தாய்மார்கள்.

முன்பு 10 கி.மீ.யில் நின்ற நடுக்கம் இப்போது 30 கி.மீ. ஆகியும் நிற்கவில்லை என்றால், தட்டை நிரந்தரமாகிவிட்டது என்று பொருள். டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் அச்சிட்ட குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கார் டயரின் பட்டன் 1.6 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தாலும் மாற்ற வேண்டியதே.

நிற்கும் வண்டிக்கும் கவனிப்பு வேண்டும்

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில் நின்ற வண்டிகளை மீண்டும் எடுத்தபோது பலர் இந்த உதறலை அனுபவித்தார்கள். நம் பகுதியில் தீபாவளி முடிந்து ஆலைகள் மூடும் நாட்களிலும் வண்டிகள் வாரக்கணக்கில் நிற்கும். ஹஜ்ஜுக்குச் செல்வோர் வீட்டு வாகனமும் நாற்பது நாள் நிற்கும். அவர்களுக்குச் சில யோசனைகள்:

காற்றைச் சரியாக வைத்து நிறுத்துங்கள். காற்று குறைந்த டயர்தான் அதிகம் தட்டையாகும். ஓட்டுநர் கதவு ஓரத்தில் உள்ள அட்டையில் எத்தனை பவுண்டு என்று இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். லோடோடு இரவு முழுவதும் நிறுத்தாதீர்கள். பிள்ளைகளில் ஒருவரை வாரம் ஒருமுறை விருதுநகர் வரை ஓட்டிவரச் சொல்லுங்கள். அந்தத் தூரம் டயர் சூடேறப் போதுமானது. அது முடியாவிட்டால் இரண்டு, மூன்று நாளுக்கொருமுறை சக்கரம் கால் சுற்று உருளும் அளவுக்கு நகர்த்தினாலும் பலன் உண்டு. சமதரையில் ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இரு சக்கர வாகனத்தை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

ஜனாஸா வாகனத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் இது மிகவும் பொருந்தும். அவை பல நாள் நின்று, அழைப்பு வந்த நொடியில் புறப்பட வேண்டியவை. நோயாளியோடு மதுரைக்குப் புறப்படும் வண்டி முதல் பத்து கிலோமீட்டர் உதறக் கூடாது.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

பழைய வண்டி பார்க்கப் போனால், அதை ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பானெட்டைத் தொட்டாலே தெரியும். “நாளை ஃபஜ்ருக்குப் பின் வருகிறேன், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆறிய வண்டியில் முதல் ஐந்து கிலோமீட்டரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். விற்பவர் நம்மவராக இருந்தால், காலையில் உதறும் என்பதை அவரே சொல்லிவிட வேண்டும். குறையை மறைத்து விற்பது கூடாது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஒரு டயரின் விலைக்காக ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை இழப்பது நஷ்ட வியாபாரம்.

இதைப் படித்தவர்கள் வண்டி ஓட்டும் தம்பிமார்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் பயணங்கள் அனைத்தையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. ஆமீன்.