பதக்கத்தில் பதித்த டைனோசர் எலும்பு

பொம்மசந்திராவில் உள்ள நம் கிளையின் நகைக்கடன் பிரிவுக்கு வந்து சேரும் நகைகளைப் பார்த்தே, அப்பகுதியில் யார் யார் வாழ்கின்றனர் என்பதை அறிந்துகொள்ளலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து தொழிற்பேட்டைப் பணிக்கு வந்த குடும்பங்களின் கல் வைத்த தோடுகளும், கன்னடக் குடும்பங்களின் கருகமணிச் சரங்களும் ஒரே மேசையில் எடைக்கு வருகின்றன. எவ்வகை நகையாயினும் எங்கள் மதிப்பீட்டாளர் முகத்தில் வியப்புத் தோன்றுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உரைகல்லோடு பழகியவர் அவர். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மட்டும், ஒரு பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

பதக்கத்தைக் கொண்டு வந்தவர், ஒரு தொழிற்கூடத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றும் அம்மையார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. சங்கிலி ஓசூரில் செய்தது. பதக்கமோ கொலராடோவில் வசிக்கும் தம்பி பரிசாகக் கொடுத்தது. பொன் சட்டத்துக்குள் பதிந்திருந்த கல், செம்மையும் பழுப்பும் கலந்து, தேன்கூட்டைக் குறுக்கே வெட்டியது போன்ற நுண்ணிய வலைப்பின்னலுடன் காணப்பட்டது. “இது என்ன கல் அம்மா?” என்று மதிப்பீட்டாளர் கேட்டார். “கல் இல்லை சார், டைனோசர் எலும்பு” என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தனர். அம்மையார் சிரிக்கவில்லை. நம் பெண்கள் பதக்கத்தை ‘டாலர்’ என்றே அழைப்பர். இந்த டாலருக்குத் தம்பி கொடுத்த விலை 800 அமெரிக்க டாலர்.

அவர் சொன்னது பொய்யன்று. அதே வேளையில், அவர் மனத்தில் போட்டு வைத்திருந்த கடன் தொகையும் கிடைக்கவில்லை. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாயின என்பதை வாடிக்கையாளர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

எலும்பு எவ்வாறு மணியாகிறது?

எலும்பு வெளிப்பார்வைக்குத்தான் கெட்டியானது. உள்ளே இரத்தக் குழாய்கள் ஓடிய நுண்துளைகளும், பஞ்சு போன்ற கண்ணறைகளும் நிறைந்தது. இறந்த விலங்கின் எலும்பு ஆற்று மணலிலோ சேற்றிலோ விரைவாகப் புதைந்துவிட்டால், நிலத்தடி நீர் அத்துளைகளுக்குள் புகும். அந்நீரில் சிலிக்கா கரைந்திருப்பின், அது துளைச் சுவர்களில் படிந்து, நாளடைவில் துளை முழுவதையும் நிரப்பிவிடும். எலும்பின் கட்டமைப்பு கலையாமல் அப்படியே நிற்க, உள்ளே இருப்பது அகேட் ஆகிவிடுகிறது. இரும்பின் கலப்பு சிவப்பு, மஞ்சள், பழுப்பு நிறங்களைத் தருகிறது.

இது நமக்கு அந்நியமான பொருளன்று. கொடுமணலிலும் கீழடியிலும் அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகளும் இதே சிலிக்காக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. சூதுபவளத்துக்கு அச்சாக எலும்பு இருந்ததில்லை, அவ்வளவே வேறுபாடு. கடினத்தன்மையும் ஏறத்தாழ ஒன்றே: மோஸ் அளவுகோலில் 7-ஐ ஒட்டியது. அதனால்தான் பட்டை தீட்டி மெருகேற்ற முடிகிறது.

நகைச் சந்தைக்கு வரும் எலும்புக் கல்லில் மிகப் பெரும்பகுதி, அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவியுள்ள மாரிசன் என்னும் பாறைத் தொகுதியிலிருந்து கிடைப்பது. வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள். ஆற்றுச் சமவெளிகளில் எரிமலைச் சாம்பல் படிந்த காலம் அது. அச்சாம்பலே சிலிக்காவை வாரி வழங்கியது. எலும்பு, விரைந்த புதையல், சிலிக்கா நீர் என்ற மூன்றும் ஓரிடத்தில் கூடுவது அரிது.

கூடாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் அரியலூரே சான்று. அம்மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலவியலாளர்கள் ‘புருகத்காயோசாரஸ்’ என்ற டைனோசரை உலகுக்கு அறிவித்தனர். பெருவுடல் கொண்டது என்பது பெயரின் பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் இருந்ததாகப் பதிவு செய்துள்ளனர். அவ்வளவீடுகள் சரியாயின், பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று நம் காவிரிப் படுகையில் நடந்திருக்கிறது. ஆனால் இன்று அவ்வெலும்புகள் இல்லை. கெட்டிப்படாத அவை உதிர்ந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை விவரிப்பும் படங்களுமே. ஆய்வாளர்கள் இன்றளவும் அவற்றை வைத்துக்கொண்டுதான் வாதிடுகின்றனர்.

அங்கிருந்து தொலைவில் இல்லாத பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலோ, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை இனங்கண்டார். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையின் கல்மரங்களும் அவ்வாறே கெட்டிப்பட்டவை. ஒன்று உதிர்ந்தது, மற்றது நிலைத்தது. காரணம், உள்ளே புகுந்த கனிமமே.

நம் தரையில் கிடைக்குமா?

கிளைக்கு வரும் நண்பர் ஒருவர், “ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது கிடைத்த எலும்புக் கல்” என்று ஒன்றைக் காட்டி, வாங்கலாமா என்று கேட்டார். விற்றவர் ஓசூர்ச் சாலைக்காரராம். பெங்களூரு, பொம்மசந்திரா, ஓசூர் ஆகிய எங்கும் தரைக்குக் கீழே இருப்பது தீபகற்ப நைஸ் என்னும் பாறை. லால்பாக் பூங்காவில் மக்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் குன்று அதுவே. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். எலும்புள்ள உயிர் எதுவும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, பூமியின் ஆழத்தில் வெப்பத்தில் உருவான பாறை. அதில் டைனோசர் எலும்பு இருக்க வழியே இல்லை. இத்தகைய பழம்பாறைகளின் ஊடேதான் கோலாரில் பொன் கிடைத்தது. நம் தரை பொன்னைத் தந்தது, எலும்பைத் தராது. நண்பர் அதை வாங்கவில்லை.

இந்தியாவில் டைனோசர் எலும்புகள் கிடைக்கும் இடங்கள் வேறு. 1828-இல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி முதன்முதலில் கண்டெடுத்தார். குஜராத்தின் பாலாசினோர் அருகே ராயோலியில் எலும்புகளும் முட்டைகளும் பெருமளவில் உள்ளன. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், உருண்டைக் கற்களைக் குலதெய்வமாகக் கருதித் தலைமுறைகளாக வழிபட்டு வந்தனர். அவை டைனோசர் முட்டைகள் என்று 2023-இல் செய்தி வந்தது. இதைப் படித்து நகைத்தவர்கள் தம் பூசை அறையையும் நோக்கலாம். கண்டகி ஆற்றின் சாளக்கிராமமும் ‘அம்மோனைட்’ என்னும் கடலுயிரியின் கல்லான எச்சமே. வழிபாட்டுக்கு அதனால் குறைவு ஒன்றும் இல்லை.

எதிர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தூர்வாரியபோது வெளிப்பட்ட உருண்டைகளை டைனோசர் முட்டைகள் எனச் சமூக ஊடகங்கள் கொண்டாடின. அவை கடற்படிவுகள் திரண்டு உருவான கல்லுருண்டைகள் என்று நிலவியலாளர்கள் விளக்கினர். ஊரார் அவற்றை விலைக்குக் கேட்டிருந்தால் என்னாகியிருக்கும்!

கடன் தொகை ஏன் குறைந்தது?

இனி அம்மையாரின் கணக்குக்கு வருவோம். பதக்கத்தின் மொத்த எடை 14.2 கிராம். கணக்கு எளிதாக அமைய 22 காரட் பொன் கிராமுக்கு 10,000 ரூபாய் என்று கொள்வோம். அவர் 14.2-ஐ 10,000-ஆல் பெருக்கி, அதில் 85 விழுக்காடு என்று எடுத்து, 1,20,700 ரூபாயை எதிர்பார்த்திருந்தார். கல்லின் விலைக்காகவும் ஏதேனும் சேரும் என்ற நம்பிக்கை வேறு.

முதலில் கல் எடை கழிந்தது. கல்லும் அதனைத் தாங்கிய பசையும் போக எஞ்சிய பொன் 7.8 கிராம். அடுத்து, அது 22 காரட் அன்று. அமெரிக்க நகைகளில் 14 காரட்டே பெருவழக்கு. பதக்கத்தின் பின்புறத்தில் ‘585’ என்ற முத்திரை இருந்தது. ஆயிரம் பங்கில் 585 பங்கு பொன் என்பது அதன் பொருள். 7.8 கிராம் 14 காரட் பொன், 22 காரட் கணக்கில் சுமார் 4.96 கிராம். மதிப்பு சுமார் 49,600 ரூபாய். அதில் 85 விழுக்காடு ஏறத்தாழ 42,000 ரூபாய்.

இது எங்கள் கிளையின் கருமித்தனம் அன்று. இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் வெளியிட்ட நகைக்கடன் நெறிமுறைகளின்படி, பொன்னின் உள்ளார்ந்த மதிப்பை மட்டுமே கணக்கிட வேண்டும். மணிகள், கற்கள் ஆகியவற்றின் விலையைச் சேர்த்தல் கூடாது. வைரமாயினும் இதே விதிதான், செய்கூலிக்கும் இடமில்லை. சொந்தச் செலவுக்கான கடன் 2.5 லட்சம் ரூபாய் வரை எனில் மதிப்பில் 85 விழுக்காடும், 5 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் உச்ச வரம்பு. வங்கிகள் இந்நெறிமுறைகளை நடைமுறைப்படுத்த 2026 ஏப்ரல் 1 வரை காலம் தரப்பட்டது. மதிப்பீடு வாடிக்கையாளர் முன்னிலையில் நடைபெற வேண்டும் என்பதும், கழித்த எடையைச் சான்றில் குறிப்பிட வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும். நிகர எடை எவ்வாறு வந்தது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இவ்விதிக்குக் காரணமும் உண்டு. கடன் திரும்பாவிடில் பொன்னை எந்த ஊரிலும் அன்றைய விலைக்கு விற்கலாம். எலும்புக் கல்லை பொம்மசந்திராவில் யாரிடம் விற்பது? விருப்பமுள்ள ஒருவர் கிடைத்தால் 800 டாலர்; கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை.

வாங்குவோர் கவனத்துக்கு

நம் நாட்டு நகையில் உள்ள ஆறெழுத்து ஹால்மார்க் எண் பொன்னுக்கு மட்டுமே உறுதி; கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆகவே கல்லுக்குத் தனிச் சான்று தேவை. ஜெய்ப்பூரில் உள்ளது போன்ற ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் அதனை வழங்குகின்றன. பத்து மடங்கு பெருக்கும் லென்சில் பார்த்தால், மெய்யான எலும்புக் கல்லில் கண்ணறைகள் ஒன்றைப் போல் ஒன்று இராமல் அளவில் மாறிக்கொண்டே செல்லும். அச்சிட்டது போல ஒரே சீராக இருப்பின் ஐயுறுக. உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் பிசின் வார்ப்பாக இருக்கலாம். மெய்க்கல்லிலும் விரிசல்களைப் பிசினால் நிரப்பி உறுதிப்படுத்துவது வணிக வழக்கமே. அதைச் சொல்லி விற்பதே முறை. அத்தகைய கல்லைப் பொற்கொல்லரின் தீச்சுடரில் காட்டினால் பிசின் கெடும். பதக்கத்தைப் பற்றவைக்கக் கொடுக்கும்போது இதனை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது, கல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்னும் ஆவணம். அமெரிக்காவில் கூட்டரசு நிலங்களிலிருந்து அனுமதியின்றி முதுகெலும்புள்ள உயிர்களின் எச்சங்களை எடுப்பதும் விற்பதும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனியார் நிலத்தில் உரிமையாளர் இசைவுடன் எடுத்தவையே முறையான வணிகப் பொருள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணமும், அங்கே கிடைக்கும் அம்மோலைட் என்னும் ஒளிரும் சிப்பி மணியை வெளியே அனுப்ப அனுமதி கோருகிறது. நம் நாட்டில் இத்தகைய நிலவியல் எச்சங்களைக் காப்பதற்கான மசோதாவின் வரைவு 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. ராயோலியில் வேலி வருமுன் பலர் துண்டுகளைப் பொறுக்கிச் சென்றனர். அரியலூருக்கோ சாத்தனூருக்கோ சுற்றுலா செல்லும் குடும்பங்கள், நினைவுக்கு ஒரு துண்டு என்று கையில் எடுத்து வாராதிருக்க வேண்டுகிறோம். நகையாகும் தரம் அவற்றுக்கு இராது. ஆய்வாளருக்கோ அத்துண்டே ஏடு.

பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்போருக்கு ஒரு சொல். தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேரின் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை மட்டுமே. உள்ளே இருப்பது எதுவென்று வங்கி அறியாது. அதற்குக் காப்பீடும் செய்வதில்லை. எனவே விலைச்சீட்டையும் சான்றையும் நகையோடு ஒன்றாகப் பூட்டாமல், படி எடுத்து வீட்டிலும் வைத்திருங்கள்.

அம்மையார் கணக்கைக் கேட்டு முடித்ததும் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சங்கிலியிலிருந்து பதக்கத்தைக் கழற்றிவிட்டு, “சங்கிலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் சார்” என்றார். சங்கிலி நல்ல 22 காரட். அதற்குக் கிடைத்த தொகையில் முதல் பருவக் கட்டணம் அடைந்தது. மறுவாரம் வேறு வேலையாக வந்தபோது, பதக்கம் ஒரு கறுப்புக் கயிற்றில் அவர் கழுத்தில் இருந்தது. எங்கள் மதிப்பீட்டாளர் தாமாகவே லென்சை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, “இன்னொரு முறை பார்க்கலாமா அம்மா?” என்று கேட்டார்.